ஃபைல் யாரிடம் இருக்கிறது?

பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய மாலை. ஒரு கல்லூரிக் கலையரங்கத்தின் கண்ட்ரோல் ரூமில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்திலிருந்து வந்த பையன் லேப்டாப்பை நெட்வொர்க்கில் சொருகினான். மேடை மைக் ஒன்றின் ஒலியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. திரையில் ஒரு பெட்டி எழுந்தது: கருவியில் உள்ள ஃபர்ம்வேர் பழையது, புதுப்பிக்கலாமா? படித்துப் பார்க்காமலேயே 'ஓகே' கொடுத்தான்.

அரங்கமே ஊமையானது. கருவி அணைந்து எழுந்தது. பிறகு சுவரில் பதித்திருந்த டச் பேனல்கள் ஒவ்வொன்றாகத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கின. எல்லாம் முடிந்தபோது ஸ்பீக்கர்களில் உயிர் வந்திருந்தது. நான்கு வயர்லெஸ் மைக்குகளில் இரண்டில் வரவில்லை. "பழையபடியே மாத்திடுங்க தம்பி" என்றார் முதல்வர். மாற்ற முடியவில்லை. டிசைன் ஃபைலைப் புதிய பதிப்பில், அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்திருந்தான். "ஒரு காப்பி ஆபீஸ்ல இருக்கும் சார்" என்றான். அதை எழுதியவர் அந்த ஆபீஸை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் விழா, வாடகைக்கு எடுத்த ஒரு மிக்ஸரிலும் இரண்டு பெட்டிகளிலும் நடந்தது.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். குறை, அரங்கம் கட்டி முடித்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

மைக் செட்காரர் மிக்ஸரின் திருகுகளைத் திருகிச் சரிசெய்த காலம் திருவிழாப் பந்தலில் இன்னும் இருக்கிறது. ஆனால் கலையரங்கம், பெரிய கல்யாண மண்டபம், தேவாலயம், ஓட்டல் கூட்ட அரங்கு ஆகியவற்றில் அந்தத் திருகுகள் எல்லாம் மென்பொருளுக்குள் போய்விட்டன. எந்த மைக் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், எந்த இடத்தில் ஹவுலிங் வராமல் வெட்ட வேண்டும், ஸ்பீக்கர் கருகாமல் லிமிட்டர் எங்கே பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒருவர் கணினியில் வரைகிறார். அந்த வரைபடம் ஒரு ஃபைலாகி, ரேக்கில் இருக்கும், ஒலியைக் கையாளும் டி.எஸ்.பி. கருவிக்குள் போய் உட்காருகிறது. கியூ.எஸ்.சி.யின் கியூ-சிஸ் டிசைனர், பையாம்ப்பின் டெசிரா போன்றவை இந்த வேலைக்கானவை. கருவி வெறும் பெட்டி. லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்த மூளை அந்த ஃபைலில்தான் இருக்கிறது.

கியூ-சிஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் இருக்கும் டிசைனரின் பதிப்பும், 'கோர்' எனப்படும் கருவியின் ஃபர்ம்வேர் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால், ஃபைலைக் கருவியில் ஏற்றும்போது கருவியையும் புதுப்பிக்கக் கேட்கும். சம்மதித்தால் கோர் மறுபடி எழும். அதோடு சேர்ந்த மற்ற உறுப்புகளும் புதுப்பித்துக்கொள்ளும். அதுவரை ஒலி கிடையாது. புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. இதில் கண்ணில் படாத ஒரு கண்ணி பதிப்பு எண்ணிலேயே இருக்கிறது. 9.10 என்பது 9.4-க்குப் பிறகு வந்தது. பள்ளிக்கூடத் தசமக் கணக்குப்படி பார்க்கிறவர், 9.4-தான் பெரியது என்று நினைத்துத் தவறான இன்ஸ்டாலரை எடுத்துவிடுவார். எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த டிசைனரின் பல பதிப்புகளை ஒரே கணினியில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே புதியதை நிறுவும்போது பழையதை நீக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய டிசைனரும் பழைய ஃபைலும் கையில் இருந்தால் பெரும்பாலும் கருவியைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டியிராவிட்டால், கோரில் ஓடிக்கொண்டிருக்கும் வடிவமைப்பையே கணினிக்கு இறக்கியும் கொள்ளலாம். எந்த அப்டேட்டுக்கும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ஓடிக்கொண்டிருப்பதை இறக்கி, தேதியும் பதிப்பு எண்ணும் சேர்த்துப் பெயரிட்டு, இரண்டு இடங்களில் வைப்பது. அடுத்து, ஃபைலின் நகலை, அசலை அல்ல, புதிய பதிப்பில் திறந்து எமுலேட் முறையில் ஓடவிட்டுப் பார்ப்பது. கருவியைத் தொடாமலே பாதிக் கோளாறு அங்கே தெரிந்துவிடும்.

மீதிப் பாதி நெட்வொர்க்கில் இருக்கிறது. டாண்டே என்ற ஒலி நெட்வொர்க் வழியாகப் பல நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில், ஒன்றை மட்டும் புதுப்பிப்பது கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் பாஷையை மாற்றிக்கொண்டதுபோல ஆகிவிடும். யமஹா தன் கன்சோல்களுக்கும் ரியோ ஸ்டேஜ் பாக்ஸ்களுக்கும் எந்தப் பதிப்போடு எது பொருந்தும் என்று அட்டவணையே போட்டுத் தருகிறது. அதை அச்சடித்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கும் ஒரு தேவாலய ஒலி அமைப்பாளரைத் தெரியும். அவருக்கு நள்ளிரவு போன் அடித்து நான் பார்த்ததில்லை. புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டாண்டே சில்லு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடக்கூடும். டாண்டே கண்ட்ரோலர் திரையில் அந்தக் கருவியின் பெயர் சிவப்பில் தெரியும். ரேக், ஸ்விட்ச், லேப்டாப் மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வைஃபை வழியாக ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டாம்.

எப்போது செய்வது? கல்யாண மண்டபத்துக்கு ஆடிதான் அப்டேட் மாதம். மார்கழியும் ஆகும், சபாக்காரர்களுக்கு மட்டும் ஆகாது. தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸும் தவக்காலமும் தாண்டட்டும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கூடவே கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. விமானங்களே நின்றன. நம் மண்டபம் எம்மாத்திரம்?

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஓட்டையடைக்காத கணினியில் இருந்துகொண்டு இணையத்தோடு இணைந்த ஒலி அமைப்பை இயக்குவது, மண்டபத்துக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதுதான்.

மென்பொருளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது இன்னொரு பெரிய ஓட்டை. கியூ-சிஸ் டிசைனரும் டெசிரா மென்பொருளும் தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசம். அப்படியிருந்தும் வாட்ஸப் குழுவில் யாரோ போட்ட டிரைவ் லிங்க்கிலிருந்து இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாலரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பக்கம் இருக்கிறதா, அதில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. விலைகொடுத்து வாங்க வேண்டிய அளவீட்டு, ஒலியியல் மென்பொருள்களில் 'கிராக்' போடுகிறவர்கள் வைரஸுக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் பயப்பட வேண்டும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். ஒலி அமைப்புத் தொழில் செய்கிறவர் அப்படிச் சொல்லித் தப்புவது கடினம். அதே சட்டம் முறையாக வாங்கியவருக்கு உரிமையும் தருகிறது: இழப்பிலிருந்து காத்துக்கொள்ள மென்பொருளின் காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது 52-ஆவது பிரிவின்படி மீறல் ஆகாது.

இனி, அந்த மாலையில் முதல்வர் கேட்ட கேள்வி. "நாங்க காசு கொடுத்தோம், ஃபைல் எங்களுதுதானே?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவர், அல்லது அவருக்குச் சம்பளம் தரும் நிறுவனம். வெளியாள் ஒருவருக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னதாலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. மாற்றித் தர எழுத்தில் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்த்து, அமைத்துத் தருபவரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் போதும்: டிசைன் ஃபைல், அதன் கடவுச்சொற்கள், பயன்படுத்திய பதிப்பின் இன்ஸ்டாலர், லைசென்ஸ் விவரங்கள் ஆகியவை ஒப்படைக்கப்படும், அவற்றைப் பயன்படுத்தவும் மாற்றவும் எங்களுக்குக் காலவரையற்ற உரிமை உண்டு. ஆம்ப்ளிஃபையரின் வாட்டைப் பத்து முறை விசாரிக்கிற நிர்வாகம் இந்த ஒரு வரியைக் கேட்பதில்லை.

தீ எச்சரிக்கையோடு ஒலி அமைப்பு இணைந்திருக்கும் கட்டடங்களுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு. அலாரம் அடித்தால் பாட்டு நின்று வெளியேறும் அறிவிப்பு வர வேண்டும். அப்டேட் முடிந்ததும் அதை உண்மையாகவே அடித்துச் சோதித்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் அரங்கைத் திறக்க வேண்டும். இரண்டு மைக் ஊமையானால் விழா கெடும். இது ஊமையானால் உயிர் போகும்.

சேதம் நடந்துவிட்டால்? எழுத்தில் புகார் கொடுங்கள், திரையைப் படமெடுங்கள், கருவியின் நிகழ்வுப் பதிவை அழிய விடாதீர்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை 50 லட்சம் வரையென்றால் மாவட்ட ஆணையம்; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். லாபத்துக்கு நடக்கும் பெரிய மண்டபம் உரிமையியல் நீதிமன்றத்தையோ ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் முறையையோதான் நாட வேண்டியிருக்கும். சொந்தப் பிழைப்புக்காக ஒரு செட் வாங்கி வாடகைக்கு விடும் சுயதொழில்காரருக்கு இந்தத் தடை இல்லை. கிராக்கோடு வந்த வைரஸ் பணத்தைச் சுருட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். நிறுவனமாக இருந்தால், கணினி ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் கட்டாயம்.

வேலை செய்கிறவர் பக்கமும் ஒரு சொல். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, நீ வந்துதான் கெடுத்தே" என்று பில்லை நிறுத்திவைக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. தொடங்குமுன் இருந்த பதிப்பு எண், வேலை செய்யாதிருந்த மைக்குகள், ஒலி நிற்கப்போகும் நேரம் மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால், வேலையை ஏற்றுக்கொண்டபின் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. இழுத்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம்.

உங்கள் அரங்கத்தை அமைத்துக் கொடுத்தவருக்கு இன்றே ஒரு போன் போடுங்கள். ஃபைல் எங்கே, எந்தப் பதிப்பு, கடவுச்சொல் என்ன என்று கேளுங்கள். "ஆபீஸ்ல இருக்கும் சார்" என்று பதில் வந்தால், அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத் தொகையைக் கட்டுவதற்கு முன் ஒரு பென் டிரைவோடு நேரில் போய்விடுங்கள்.