புரதத்துக்கு ஓர் ஊன்றுகுச்சி

கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் என்றொரு புரதம் இருக்கிறது. 129 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி ஒன்று சுருண்டு மடிந்து நிற்கும் வடிவம் அது. 1965-இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அந்த வடிவத்தைக் கண்டறிந்தார்கள். எந்த அணு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. அந்தப் புரதம் தண்ணீரில் எப்படி அசையும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால், ஓட்டத்தின் தொடக்கத்தில் புரதத்தை அதன் போக்கில் அசைய விடுவதில்லை, பிடித்து வைக்கிறார்கள்.

மாங்கன்று நடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழியில் கன்றை வைத்து மண்ணைத் தள்ளியதும் வேரைச் சுற்றி அங்கங்கே பொந்து இருக்கும். தண்ணீர் விட்டால் மண் இறங்கும், கன்று சாயும். அதனால் முதலில் பக்கத்தில் குச்சி ஊன்றிக் கட்டிவிடுகிறோம்.

கணினியில் குழி என்பது ஒரு கற்பனைப் பெட்டி. நடுவில் புரதம், சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள். புரதத்தின் மேல் ஏறி உட்காரும் தண்ணீரை நீக்கிவிடுவதால் ஓரங்களில் பொந்து விழுகிறது. முதலில், முட்டிக்கொண்டு நிற்கும் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குகிறார்கள். பிறகு 300 கெல்வின் வெப்பத்துக்கு ஏற்ற வேகத்தை அணுக்களுக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீர் பொந்துகளுக்குள் பாய்கிறது. கட்டு இல்லையென்றால் இந்தத் தள்ளுமுள்ளில் புரதத்தின் வடிவம் கோணிப்போகலாம்.

அதனால் ஹைட்ரஜன் தவிர்த்த புரத அணு ஒவ்வொன்றுக்கும் அதன் தொடக்க இடத்தில் ஒரு குச்சி ஊன்றப்படுகிறது. கட்டும் கயிறு, கீறிய சைக்கிள் டியூப் மாதிரி இழுபடும். அதன் விறைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் எண் 1000. அலகு, சதுர நானோமீட்டருக்கு மோலுக்கு இத்தனை கிலோஜூல். அணு 0.1 நானோமீட்டர் விலகினால் மோலுக்கு 5 கிலோஜூல் செலவாகும். இரண்டு மடங்கு விலகினால் செலவு நான்கு மடங்கு, 20. அறை வெப்பம் தரக்கூடிய ஆற்றலோ 2.5 அளவுதான். ஆகவே அணு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 0.05 நானோமீட்டர் துடிக்கும். கார்பன் அணுக்கள் இரண்டுக்கு இடையே உள்ள பிணைப்பின் நீளத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. இந்தத் துடிப்பை விட்டுவைப்பதுதான் இந்த முறையின் அழகு என்பேன்.

கம்பியால் இறுக்கிக் கட்டுவதும் உண்டு. அப்போது அணுவின் வேகம் சுழி, அசைவே கிடையாது. நகராத ஒரு சுவரை அமைக்க இது உதவும். ஆனால் அழுத்தத்தைக் கணக்கிடும்போது சிக்கல் வரும்: உறைந்த அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், விலகிக்கொள்ள முடியாது. அந்தத் தள்ளலும் கணக்கில் சேர்ந்து அழுத்தம் பொய்யாகிவிடும்.

கட்டிய நிலையில், முதலில் வெப்பத்தை நிலைப்படுத்த 100 பிக்கோ நொடி ஓட்டுவது வழக்கம். ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு பிக்கோ நொடி. இந்த 100 பிக்கோ நொடிக்கே 50,000 கணக்கீட்டு அடிகள் வேண்டும். பிறகு அழுத்தத்துக்கும் அதே அளவு. இந்தக் கட்டத்தில் பெட்டி சற்றுச் சுருங்கும் அல்லது விரியும். மண் இறங்கும்போது குச்சியும் சேர்ந்து இறங்கினால்தான் கன்று இழுபடாது. அதேபோல, குச்சிகளின் இடத்தையும் பெட்டியோடு சேர்த்து மாற்றச் சொல்லி மென்பொருளில் குறிப்பிட வேண்டும்.

வெப்பமும் அடர்த்தியும் ஏறி இறங்காமல் ஒரு மட்டத்துக்கு வந்ததும் கட்டை அவிழ்க்கலாம். செல் சவ்வில் பதிந்த புரதமாக இருந்தால் ஒரேயடியாக அவிழ்க்காமல், விறைப்பைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. சுற்றியுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரைவிட மெதுவாகத்தான் படியும். அவிழ்த்த பிறகு வரும் அசைவுகளைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.