பறவை வளர்க்க ஆசையா? கூண்டு வாங்கும் முன் இந்த 5 கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்

டிக்டாக்கைத் திறந்தால் போதும். ஒரு காக்கட்டீல் விசிலடிக்கிறது. ஒரு பட்ஜி விரலில் உட்கார்ந்து "ஹலோ" சொல்கிறது. நாய், பூனை என்றாலே முகம் சுளிக்கும் அம்மாகூட "சின்னப் பறவைதானே, சரி" என்று தலையாட்டிவிடலாம்.

ஆனால் அந்தக் காணொளி 30 விநாடிதான். பறவையோ உங்களோடு 10 ஆண்டு, 20 ஆண்டு, சில வகை என்றால் 50 ஆண்டுகூட வாழும். அதனால் "எது அழகு?" என்பதைவிட, "என் வீட்டில், என் நேரத்துக்குள் எது நன்றாக வாழும்?" என்பதுதான் சரியான கேள்வி.

1. ஒரு நாளில் எவ்வளவு நேரம் தர முடியும்?

கிளி இனப் பறவைகள் கூட்டமாக வாழ்பவை. தனியாக விட்டால் நீங்கள்தான் அதன் கூட்டம். காலை 7 மணிக்குக் கிளம்பி, பள்ளி, துணைப்பாடம், சிசிஏ என்று இரவு 8 மணிக்குத் திரும்பினால், அந்த 13 மணி நேரமும் அது யாருக்காகக் காத்திருக்கும்? சலிப்பு அதிகமானால் சில கிளிகள் தங்கள் இறகைத் தாங்களே பிடுங்கிக்கொள்ளும்.

• நேரமே இல்லை, பார்த்து ரசித்தால் போதும்: ஃபிஞ்ச் ஜோடி. கையில் எடுத்துக் கொஞ்ச முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.
• பாட்டு கேட்கப் பிடிக்கும்: கேனரி. நன்றாகப் பாடுவது பெரும்பாலும் ஆண் பறவைதான்.
• தினமும் ஓரளவு நேரம் உண்டு: பட்ஜி. முடிந்தால் இரண்டாக வளர்ப்பது நல்லது.
• வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள், தினமும் 2 மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே விளையாடவிட முடியும்: காக்கட்டீல்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். இந்தியாவில் பலர் பட்ஜியைத்தான் "லவ் பேர்ட்ஸ்" என்பார்கள். தாத்தா பாட்டி அப்படிச் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்ஜியின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. உருவம் சின்னது, ஆனால் குரல் கூர்மை, கடியும் பலம்.

2. அடுத்த 15 ஆண்டு எங்கே இருப்பீர்கள்?

பட்ஜி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வாழும். காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பெரிய கொக்கட்டூ போன்றவை 40 ஆண்டையும் தாண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். 16 வயதில் காக்கட்டீல் வாங்கினால், அதற்கு வயதாகும்போது உங்களுக்கு 30 தாண்டியிருக்கும். நடுவில் தேசியச் சேவை, பல்கலைக்கழகம், வேலை, ஒருவேளை வெளிநாடு, கல்யாணம், புது வீடு. ஒவ்வொரு கட்டத்திலும் பறவையைப் பார்த்துக்கொள்வது யார்? "அம்மா பார்த்துப்பாங்க" என்பது பதிலாக இருக்கலாம். ஆனால் அதை அம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

3. சத்தமும் தூசியும் பரவாயில்லையா?

வீவக வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது. கொக்கட்டூ கத்தினால் பல மாடிக்குக் கேட்கும். ஃபிஞ்ச், பட்ஜி போன்றவற்றின் சத்தம் குறைவு. ஆனால் சத்தமே போடாத பறவை கிடையாது.

காக்கட்டீல், கொக்கட்டூ, சாம்பல் கிளி ஆகியவற்றின் இறகிலிருந்து மாவு போன்ற தூசி உதிரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், வாங்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

4. வீடு பறவைக்குப் பாதுகாப்பானதா?

பறவையின் நுரையீரல் மிக மென்மையானது. ஒட்டாத பூச்சு உள்ள சட்டி அதிகமாகச் சூடானால் வரும் புகை, சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு அதன் வாடைகூடத் தெரியாமல் போகலாம். சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டாம். புகைமூட்ட நாள்களில் ஜன்னல்களை மூடி வையுங்கள்.

• வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலை மூடுங்கள்.
• அவகாடோ, சாக்லேட் கொடுக்கவே கூடாது. வெறும் தானியம் மட்டும் போதாது, காய்கறியும் தேவை.
• 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நள்ளிரவு வரை கேம் விளையாடும் அறையில் பறவைக்கு எப்படித் தூக்கம் வரும்?

இன்னொன்று, பறவைகள் நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எல்லா விலங்கு மருந்தகமும் பறவைக்குச் சிகிச்சை தருவதில்லை. வாங்கும் முன்பே ஒரு மருத்துவரைத் தேடி வையுங்கள்.

5. சட்டப்படி வாங்குகிறீர்களா?

சிங்கப்பூரில் பெரும்பாலான காட்டுப் பறவைகளை அனுமதியின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். புளோக்குக்குக் கீழே விழுந்து கிடக்கும் குஞ்சையும் உடனே வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். தாய்ப்பறவை பக்கத்திலேயே இருக்கலாம்.

அரிய வகைகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் அனைத்துலக வணிகத்துக்கு 2017 முதல் மிகக் கடுமையான விதிகள் உண்டு. டெலிகிராமில் யாரோ மலிவாக விற்கிறார் என்றால் ஆவணம் கேளுங்கள். உரிமம் பெற்ற கடையில் வாங்குவது பாதுகாப்பு.

"பிடிக்கலைன்னா பறக்க விட்டுடலாம்" என்ற யோசனையும் வேண்டாம். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு வெளியே இரை தேடத் தெரியாது. பிழைத்துக்கொண்டாலும் சிக்கல்தான். மாலையில் மரங்களில் கூட்டமாகக் கத்தும் சிவப்பு மார்புக் கிளிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த ஊர்ப் பறவைகள் அல்ல. தப்பிய, விடப்பட்ட வளர்ப்புப் பறவைகளின் வாரிசுகள். இங்கேயே பிறந்து வாழும் நீள்வால் கிளிகளோடு மரப்பொந்துகளுக்காக இப்போது போட்டி போடுகின்றன.

5 கேள்விக்கும் பதில் கிடைத்ததா? நல்லது, கூண்டு வாங்கக் கிளம்பலாம். ஒன்றிரண்டில் தடுமாறினால் அவசரப்பட வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நண்பரின் பட்ஜியை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் கூண்டைச் சுத்தம் செய்து, தண்ணீர் மாற்றி, அதன் சத்தத்தில் எழுந்து பாருங்கள். ஏழாவது நாளும் ஆசை அப்படியே இருந்தால், அப்போது முடிவு செய்யலாம்.