பாகில் மூழ்கி மாண்டவர்கள்

பாகில் மூழ்கிச் செத்தான் ஒருவன் என்றால், கேட்பவர் சிரிப்பர். பீர் வெள்ளத்தில் மாண்டாள் ஒருத்தி என்றால், கேலி பேசுவர். சிரிக்கட்டும். ஆனால், தோழர்களே! செத்தவர் யார், ஏன் செத்தனர் என்று கேட்ட பிறகு சிரிக்கட்டும்!

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரம், 1919ஆம் ஆண்டு, ஜனவரி 15, நண்பகல் வேளை. துறைமுகத்தருகே 50 அடி உயர எஃகுத் தொட்டி. அதனுள் 23 லட்சம் காலன் கழிவுப்பாகு. சர்க்கரை ஆலைத் தோழர்கள் மொலாசஸ் என்பார்களே, அதுதான்! சாராயம் வடிக்கத் தேக்கி வைத்திருந்தனர். தொட்டி பிளந்தது. பாகு 25 அடி உயர அலையாகப் பாய்ந்தது. வீடுகள் பெயர்ந்தன; குதிரைகள் சிக்கி மாண்டன; மேம்பால ரயில் பாதையின் தூண் வளைந்தது. 21 பேர் மாண்டனர். 150 பேர் காயமுற்றனர்.

மாண்டவர் யார்? நகராட்சித் தொழிலாளர், வண்டியோட்டிகள், தீயணைப்பு வீரர் ஒருவர், பத்து வயதுக் குழந்தைகள் இருவர். கம்பெனி முதலாளி எவரும் அந்தப் பட்டியலில் இல்லை!

கம்பெனி என்ன சொல்லிற்று? அராஜகக் கூட்டத்தார் குண்டு வைத்தனர் என்றது. ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. உண்மையும் கசிந்தது, அந்தத் தொட்டியைப் போலவே!

ஆம், தொட்டி கட்டிய நாளிலிருந்தே ஒழுகிற்று. ஏழைப் பிள்ளைகள் பாத்திரம் ஏந்திப் பாகு பிடித்துச் சென்றனர். அடைத்தார்களா? இல்லை, கசிவு கண்ணுக்குத் தெரியாதபடி பழுப்பு வண்ணம் பூசினர்! கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் பொறியாளர் அல்ல. வரவு செலவு பார்த்தவர். நிரம்பத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டிய தொட்டியில் ஆறு அங்குலத் தண்ணீரோடு சோதனையை முடித்துக்கொண்டனர். 1925இல் தீர்ப்பு வந்தது: குண்டும் இல்லை, சதியும் இல்லை, பொறுப்பு கம்பெனியுடையதே!

லண்டனில் 1814 அக்டோபர் 17 அன்று நடந்தது என்ன? மதுவடிசாலை ஒன்றில் 22 அடி உயரத் தொட்டியின் இரும்பு வளையம் கழன்றது. குமாஸ்தா மேலாளரிடம் சொன்னான். ஒன்றும் ஆகாது என்றனர். சிறிது நேரத்தில் தொட்டி உடைந்து, அடுத்திருந்த ஏழைக் குடியிருப்பில் பீர் வெள்ளம் புகுந்தது. மாண்டவர் எட்டுப் பேர். அனைவரும் பெண்களும் குழந்தைகளும். இழவு வீட்டில் துக்கம் காத்திருந்தவர்களும் அவர்களுள் உண்டு. தற்செயல், துரதிர்ஷ்டம் என்று முடிவு கூறிற்று விசாரணை. சிந்திய பீருக்குக் கட்டிய வரி, முதலாளிக்குத் திரும்பக் கிடைத்தது!

இவை எப்போதோ நடக்கும் விந்தைகள் என்பார் சிலர். பாகும் பீரும் விந்தைதான், சாவு விந்தையல்ல! சுறா கடித்து மாள்வோர் உலகெங்கும் ஆண்டுக்குப் பத்துப் பேரளவே. அந்தச் செய்தி எல்லா ஏட்டிலும் வரும். வேலையிடத்து விபத்தால் மாள்வோர்? ஆண்டுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. தொழில் தந்த நோய்களால் மாள்வோரையும் சேர்த்தால் 29 லட்சத்தைத் தாண்டும்! விபத்துச் சாவு மட்டும் நாளொன்றுக்கு 900. அதாவது, ஒவ்வொரு நாளும் நாற்பது பாஸ்டன்கள்! எந்த ஏட்டில் இடம் உண்டு இவர்களுக்கு?

பாகு பாய்ந்த பிறகு, அந்த மாநிலத்தில் பொறியாளர் ஒப்பமின்றிக் கட்டக்கூடாதென விதி பிறந்தது. தலைவிதி என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், அந்த விதி பிறந்திருக்குமா?

எனவே, தோழர்களே! விபத்து என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் மூன்று கேள்வி கேளுங்கள். கசிவை முதலில் கண்டவன் யார்? யாரிடம் சொன்னான்? கேட்டவர் அடைத்தாரா, வண்ணம் பூசினாரா?