ஒரு பள்ளி, இரு பார்வைகள்

நுழையும்முன்

நாம் நாள்தோறும் செல்லும் பள்ளியைப் பற்றி வீட்டில் பேச்சு எழாத நாளில்லை. "நல்ல பள்ளி" என்று தந்தை கூறுவார். "அப்படி ஒன்றும் இல்லை" என்று பிள்ளை முணுமுணுக்கும். சில வீடுகளில் பிள்ளை பள்ளியைப் புகழும். தாய் குறை கூறுவார். ஒரே பள்ளியைப் பற்றி இரு கருத்துகள் தோன்றுவது ஏன்? அவற்றை எவ்வாறு ஆராய்வது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

நடுநிலைப் பருவம்

மாணவர்களே! ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மூன்று ஆண்டுகளை நடுநிலைக் கல்வி என்கிறோம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இம்மூன்று வகுப்புகளையும் 11 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கு உரிய தனி நிலையாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் உள்ள பள்ளி என்று பொருள். உங்கள் பெற்றோருள் பலர் அத்தகைய பள்ளியில் பயின்றிருப்பர்.

தொடக்க வகுப்புகளில் பள்ளியைப் பற்றிய கருத்துகள் பெரிதும் வேறுபடுவதில்லை. தாய் கையைப் பிடித்து வாயில்வரை அழைத்துச் செல்கிறார். ஆசிரியரை நாள்தோறும் காண்கிறார். பிள்ளையும் அன்று நடந்தவற்றை ஒன்றுவிடாமல் கூறுகிறது. ஆறாம் வகுப்பில் இந்நிலை மாறுகிறது. பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வருகிறார். மாணவர் தாமே பள்ளிக்குச் சென்று திரும்புகின்றனர். வீட்டில் சொல்வன குறைகின்றன. மனத்திற்குள் வைத்துக்கொள்வன பெருகுகின்றன. பள்ளியைப் பற்றிய பார்வை இரண்டாகப் பிரிவது இப்பருவத்தில்தான்.

பெற்றோர் காணும் பள்ளி

பெற்றோர் பள்ளியை வெளியிலிருந்து காண்கின்றனர். கட்டடம், சுற்றுச்சுவர், வீட்டிலிருந்து பள்ளி உள்ள தொலைவு, மதிப்பெண் அட்டை ஆகியவையே அவர்கள் கண்ணில் படுபவை. பிழைப்பிற்காகவோ பணி இடமாற்றத்தாலோ வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பத்திற்கு, அருகில் ஓர் அரசுப் பள்ளி இருப்பதே பெரும் துணை. அதில் இடம் பெறுவதற்கு அவர்கள் சான்றிதழ்களுடன் அலுவலகம் அலுவலகமாக நடந்திருப்பர். அவர்கள் பள்ளியைப் பாராட்டும்போது அந்த அலைச்சலும் அப்பாராட்டில் கலந்திருக்கிறது.

மேலும், பெற்றோர் தம் இளமைக்காலப் பள்ளியோடு இப்பள்ளியை ஒப்பிடுகின்றனர். ஓட்டுக் கட்டடத்தில் தரையில் அமர்ந்து படித்தவருக்கு மேசையும் மின்விசிறியும் உள்ள வகுப்பறை நிறைவளிக்கிறது. அவ்வாறே, வீட்டுப்பாடம் மிகுதியாகக் கொடுத்த கண்டிப்பான ஆசிரியரை நினைவில் வைத்திருப்பவருக்கு இன்றைய பள்ளி தளர்வாகத் தோன்றுகிறது.

மாணவர் காணும் பள்ளி

மாணவர் பள்ளியை உள்ளிருந்து காண்கின்றனர். ஆசிரியரின் குரலில் உள்ள கனிவோ கடுமையோ அவர்களுக்குத் தெரியும். விளையாட்டுப் பாடவேளை உண்மையில் விளையாட்டிற்கே பயன்படுகிறதா, நூலக அலமாரி திறந்திருக்கிறதா, குடிநீர்க் குழாயில் நீர் வருகிறதா என்பனவற்றை அவர்களே அறிவர். இடைவேளையில் உடன் அமர்ந்து உண்ண ஒரு நண்பர் இருக்கிறாரா என்பது மதிப்பெண் அட்டையில் இடம்பெறுவதில்லை. ஆயினும், புதிதாக வந்து சேர்ந்த மாணவருக்குப் பள்ளி இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

பெற்றோர் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் பயனை எண்ணுகின்றனர். மாணவர் இன்றைய நாளை வாழ்கின்றனர். நிற்கும் இடம், ஒப்பிடும் பள்ளி, எண்ணும் காலம் ஆகிய மூன்றும் வேறுபடுவதால் கருத்தும் வேறுபடுகிறது. இதில் எவரும் பொய் கூறவில்லை. ஒவ்வொருவரும் தாம் கண்ட பகுதியைக் கூறுகின்றனர்.

கருத்தும் அளவுகோலும்

அப்படியானால், எல்லாக் கருத்துகளும் சமமானவையா? அன்று. சிலவற்றை அளந்து பார்க்க முடியும். குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் இருக்க வேண்டியவற்றை அதன் அட்டவணை வகுத்துரைக்கிறது. பாதுகாப்பான குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள், விளையாட்டுத்திடல், நூலகம், சுற்றுச்சுவர் ஆகியன அவற்றுள் சில. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும். ஓராண்டில் 220 வேலைநாள்களும் 1000 மணி நேரக் கற்பித்தலும் நடைபெறுதல் வேண்டும். "வகுப்பில் நெரிசல் மிகுதி" என்று மாணவர் கூறினால் அது உண்மையா என்பதை எண்ணிப் பார்த்தே அறியலாம்.

வேறு சிலவற்றிற்கு ஒரு நெறி உண்டு. வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் பலர் அது போதாது என்பர். மாணவர் பலர் அது மிகை என்பர். மைய அரசு 2020இல் வெளியிட்ட பள்ளிப்பை பற்றிய கொள்கை, நடுநிலை வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படாத வீட்டுப்பாடம் போதும் என்கிறது. பள்ளிப்பையின் எடை மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றும் கூறுகிறது. 40 கிலோ எடையுள்ள மாணவர் 4 கிலோவிற்கு மேல் சுமக்கக் கூடாது. இவ்வளவுகளை அறிந்தபின் இரு தரப்பினரும் பேசத் தொடங்கினால் பேச்சு பயன்தரும்.

இன்னும் சில, முற்றிலும் கருத்து வேறுபாட்டிற்கே உரியவை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தவும், மறுதேர்விலும் தேறாதவரை நிறுத்தி வைக்கவும் அரசுகளுக்கு அத்திருத்தம் இடமளித்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் மைய அரசு தன் பள்ளிகளில் இம்முறையைக் கொண்டுவந்தது. "அச்சம் இருந்தால்தான் பிள்ளைகள் படிப்பர்" என்பது பெற்றோர் பலரின் வாதம். "நண்பர்கள் மேலே செல்ல, நாம் மட்டும் அங்கேயே அமர்ந்திருந்தால் படிப்பே வெறுத்துவிடும்" என்பது மாணவர் பலரின் அச்சம். இங்கு அளவுகோல் ஏதும் இல்லை. காரணங்களை எடுத்துக்கூறுவதும் பிறர் கூறும் காரணங்களைக் கேட்பதுமே வழி.

இடையில் நிற்கும் பிள்ளை

வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஆசிரியர் பேசும் மொழி தாய்க்குத் தெரியாது. தாயின் மொழி ஆசிரியருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது.

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடைபெறும் நாளை எண்ணிப் பாருங்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாயுடன் ஆசிரியர்முன் அமர்ந்திருக்கிறாள். ஆசிரியர் இந்தியில், "அறிவுள்ள பெண். ஆனால், மதிய உணவுக்குப் பிறகு சோர்ந்துவிடுகிறாள், கணக்குப் பாடத்தில் வாய் திறப்பதில்லை" என்கிறார். மாணவி தாயிடம், "அறிவுள்ள பெண் என்கிறார் அம்மா" என்கிறாள். அவள் கூறியது பொய்யன்று, ஆயினும் முழுமையன்று.

தாய் மகிழ்கிறார். பிறகு, "தண்ணீர்ப் புட்டி ஏன் நாள்தோறும் நிரம்பியபடியே வீட்டிற்குத் திரும்புகிறது என்று கேள். மாலையில் உனக்குத் தலைவலி வருகிறதே" என்கிறார். மாணவிக்குக் காரணம் தெரியும். மாணவியர் கழிப்பறையில் இரண்டு வாரமாக நீர் வரவில்லை. அங்குச் செல்ல வேண்டியிருக்கும் என்று அஞ்சியே அவளும் தோழியரும் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கின்றனர். அதனை ஆசிரியரிடம் கூற அவளுக்குக் கூச்சம். எனவே, "அம்மா நன்றி கூறுகிறார்" என்று இந்தியில் கூறி எழுந்துவிடுகிறாள்.

வீடு திரும்பும் வழியில் தாய், "எவ்வளவு நல்ல பள்ளி!" என்கிறார். மகளுக்கு அப்பள்ளி பிடிக்கவில்லை. இவ்விருவரின் வேறுபாட்டிற்குக் காரணம் கருத்து அன்று. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாததே காரணம். மாணவி இரு வாக்கியங்களையும் முழுமையாக மொழிபெயர்த்திருந்தால், மகளின் சோர்வுக்கும் நிரம்பிய தண்ணீர்ப் புட்டிக்கும் உள்ள தொடர்பு ஆசிரியருக்கும் தாய்க்கும் அப்போதே விளங்கியிருக்கும். கழிப்பறைக்கு நீர் வரச்செய்வது பள்ளியின் கடமை. ஆனால், குறையை வாய்விட்டுக் கூறுபவர் இருந்தால்தான் அக்கடமை விரைவாக நிறைவேறும்.

பிறர் சொற்களை மொழிபெயர்ப்பவர் அவற்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நேரில் கூறக் கூச்சமாக இருப்பின், தாளில் எழுதித் தரலாம். ஆசிரியையிடம் தனியே கூறலாம். அல்லது பெற்றோரின் மொழியறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

கருத்தைக் கூறும் இடங்கள்

கருத்து வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிட வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. தலைநகர் டெல்லியில், அரசுப் பள்ளிகள் அனைத்தும் 2016 ஜூலை 30 அன்று ஒரே நாளில் இத்தகைய சந்திப்பை நடத்தின.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளியின் செயற்பாடுகளையும் அரசு தரும் நிதி செலவாகும் முறையையும் அக்குழு கண்காணிக்கிறது. மைய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள், பெற்றோர் விரும்பினால் பள்ளி மாணவரையும் அக்குழுவில் சேர்க்க இடமளிக்கின்றன.

மாணவரின் கருத்திற்கும் மதிப்பு உண்டு. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. தம்மைப் பாதிக்கும் செய்திகளில் தம் கருத்தை வெளியிடும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்றும், அவர்தம் வயதிற்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்திற்கு மதிப்பளித்தல் வேண்டும் என்றும் அதன் 12ஆம் உறுப்பு கூறுகிறது.

கேள்வி என்னும் சொல்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு வினா என்று ஒரு பொருளும், செவியால் கேட்டறிதல் என்று மற்றொரு பொருளும் உண்டு. திருக்குறளில் 'கல்வி' 40ஆம் அதிகாரம். 'கேள்வி' 42ஆம் அதிகாரம். அங்குக் கேள்வி என்பது கேட்டறிதலையே குறிக்கிறது. பள்ளியைப் பற்றிய பேச்சிற்கும் இவ்விரு பொருளும் வேண்டும். "இன்று பள்ளி எப்படி இருந்தது?" என்று பெற்றோர் வினவும்போது, ஒரு சொல்லில் விடையளித்து நகராமல், கண்டதைக் கூறுங்கள். அவர்கள் பள்ளியை ஏன் பாராட்டுகின்றனர் என்று நீங்களும் வினவுங்கள். அவர்கள் கூறும் விடையில், நீங்கள் அறியாத ஒரு பயணத்தின் கதை இருக்கக்கூடும்.

சொல்லும் பொருளும்

அலைச்சல் – ஓயாது அலைவதால் உண்டாகும் துன்பம்
அளவுகோல் – அளந்து மதிப்பிட உதவுவது
நெறி – வழிமுறை
மிகை – அளவுக்கு மேற்பட்டது
பாதுகாவலர் – பெற்றோர்க்கு மாற்றாகப் பேணுபவர்

மதிப்பீடு

அ. சுருக்கமாக விடையளிக்க.
1. பள்ளியைப் பற்றிய பார்வை நடுநிலைப் பருவத்தில் இரண்டாகப் பிரிவது ஏன்?
2. பள்ளி மேலாண்மைக் குழுவின் பணிகள் யாவை?
3. ஆசிரியர் கூறியவற்றுள் மாணவி தாயிடம் கூறாமல் விட்டவை எவை?

ஆ. கீழ்க்காண்பவற்றுள் அளந்து அறியத்தக்கது எது? கருத்து வேறுபாட்டிற்கு உரியது எது?
1. எங்கள் வகுப்பில் 52 மாணவர் உள்ளனர்.
2. தேர்வு இல்லையெனில் எவரும் படிக்கமாட்டார்.
3. நூலக அலமாரி வாரத்தில் ஒருநாளே திறக்கப்படுகிறது.

இ. சிந்தனை வினா
அம்மாணவியின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், தாயின் வினாவை ஆசிரியரிடம் எவ்வாறு கூறியிருப்பீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் பள்ளியில் பிடித்தவை இரண்டு, மாற வேண்டியவை இரண்டு என நான்கினை எழுதுக. உங்கள் தாயையோ தந்தையையோ தனித்தாளில் அவ்வாறே எழுதச் செய்க. எழுதப் பழகாதவராயின், அவர் கூறக் கூற, கூட்டாமலும் குறைக்காமலும் நீங்களே எழுதுக. இரு தாள்களையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.