முதலில் வாங்கியவர்கள்

புதிதாக ஒரு பொருள் கடைத்தெருவுக்கு வந்தால் அதைப் பற்றி மூன்று பேர் பேசுவார்கள். செய்தவர் பேசுவார்; விற்பவர் பேசுவார்; வாங்கியவர் பேசுவார். செய்தவருக்குத் தாம் பெற்ற பிள்ளை என்ற பாசம். விற்பவருக்கு லாபத்தின் மேல் கண். வாங்கியவர் ஒருவர்தான் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு, இரவும் பகலும் அந்தப் பொருளோடு குடித்தனம் நடத்துகிறவர். ஆகையால் மூவருள் அவர் வார்த்தைக்கே மதிப்பு அதிகம். அவர்களிலும், மற்றவர்கள் வாங்கிப் பார்க்கட்டும் என்று காத்திராமல், முதன்முதலில் துணிந்து வாங்குகிறார்களே, அவர்களுடைய அநுபவம் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் பாடமாக அமைகிறது.

இன்று நம் வீடுகளில் குழந்தை முதல் பாட்டி வரையில் எல்லோரும் விரலால் தடவிக்கொண்டிருக்கும் கண்ணாடி முகக் கைப்பேசிக்கு இத்தகைய பரீட்சை 2007-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நடந்தது. ஆப்பிள் கம்பெனியாரின் முதல் ஐபோனை வாங்கியவர்கள் எதைக் கண்டு மெச்சினார்கள், எதற்காக முணுமுணுத்தார்கள், கடைசியில் ஏன் கோபங்கொண்டார்கள் என்னும் வரலாறு, புதுப் பொருள் எதையும் ஆசையோடு பார்க்கும் நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

மாலை 6 மணி

2007 ஜனவரி 9-ந் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடை ஏறினார். பாட்டுக் கேட்கும் கருவி ஒன்று, டெலிபோன் ஒன்று, இன்டர்நெட்டில் உலாவும் கருவி ஒன்று, ஆக மூன்றை வெளியிடப்போவதாகச் சொன்னார். பிறகு மூன்றும் ஒன்றே என்று அறிவித்து, உள்ளங்கையளவான ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். சபையில் எழுந்த கரகோஷத்துக்கு அளவில்லை.

எல்லோரும் அப்படிக் கொண்டாடிவிடவில்லை. அந்நாளில் பெரிய உத்தியோகஸ்தர்களின் கைகளில் இருந்த கைப்பேசிகளில் பாதி இடத்தை மிளகளவான பொத்தான்களே அடைத்துக்கொண்டிருந்தன. பொத்தான்கள் இல்லாத டெலிபோனில் எவர் கடிதம் எழுதுவார் என்று பலர் கேட்டார்கள். மைக்ரோஸாப்ட் கம்பெனியின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் அதன் விலையைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார்.

ஜூன் 29-ந் தேதி மாலை 6 மணிக்கு விற்பனை ஆரம்பமாயிற்று. நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவிலுள்ள கடையின் வாசலில் சிலர் பல நாட்களுக்கு முன்பே நாற்காலியும் போர்வையுமாக வந்து இடம் பிடித்திருந்தார்கள். 4 ஜிகாபைட் கொள்ளளவு உள்ளதற்கு 499 டாலர். 8 ஜிகாபைட் உள்ளதற்கு 599 டாலர். இதைத் தவிர, ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனியாரோடு 2 வருஷத்துக்கு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும்; வேறு கம்பெனியின் சேவை வேண்டுமென்றால் இடமில்லை. இவ்வளவு நிபந்தனைக்கும் தலையசைத்து, முதல் 30 மணி நேரத்துக்குள் ஜனங்கள் 2,70,000 கருவிகளை வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு எடுத்துச் சென்று, கம்ப்யூட்டரோடு இணைத்து, தாங்களே டெலிபோனுக்கு உயிர் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பலருக்குச் சில நிமிஷங்களில் வேலை முடிந்தது. வேறு சிலருக்கோ ஒரு நாள், அதற்கு மேலும்கூட ஆயிற்று. நாட்கணக்கில் தெருவில் காத்திருந்து பெற்ற பொருள் மேஜைமேல் ஊமையாகக் கிடந்ததைப் பார்த்து அவர்கள் பட்ட வேதனையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணாடி முகம்

கையில் எடுத்தவர்கள் முதலில் வியந்தது அதன் அடக்கத்தைக் கண்டுதான். எடை 135 கிராம், கனம் 11.6 மில்லிமீட்டர். முகம் முழுவதும் கண்ணாடி. அதில் மூன்றரை அங்குலத்துக்குப் படம் தெரியும் திரை. கீழே வட்டமான ஒரே ஒரு பொத்தான். எந்தக் காரியத்தில் எவ்வளவு தூரம் போய் வழி தவறினாலும், அந்தப் பொத்தானை அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த ஒரு தைரியம் பெரிய துணையாயிற்று. முதுகு அலுமினியம், ஆனால் அதன் அடிப்பாகத்தில் மட்டும் கறுப்பு பிளாஸ்டிக். உலோகம் ரேடியோ அலைகளை மறைத்துவிடும் ஆதலால், உள்ளே இருக்கும் ஆன்டெனாவுக்கு அந்த ஜன்னல் தேவையாக இருந்தது.

அந்தக் கண்ணாடிக்கும் ஒரு கதை உண்டு. ஜனவரியில் மேடையில் காட்டிய கருவியின் முகம் பிளாஸ்டிக்கால் ஆனது. ஜாப்ஸ் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பழகிப் பார்த்தபோது, கூட இருந்த சாவிகள் உராய்ந்து கீறல் விழுந்ததாம். ஜனங்கள் டெலிபோனையும் சாவியையும் ஒரே பையில்தான் போடுவார்கள் என்று சொல்லி, கண்ணாடியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கார்னிங் கம்பெனியார் கென்டக்கி மாகாணத்திலுள்ள தங்கள் ஆலையில் அந்தக் கண்ணாடியைத் தயாரித்துக் கொடுத்தார்கள். விற்பனைக்குப் 11 நாள் முன்னால், ஜூன் 18-ந் தேதிதான் மாறுதல் பகிரங்கமாயிற்று. வாங்கியவர்கள் மாதக்கணக்கில் உபயோகித்த பிறகும் முகம் கீறாமல் இருந்ததென்றால், செய்தவரே முதலில் வாங்கியவரைப் போல் பழகிப் பார்த்ததுதான் காரணம்.

திரை விரலின் சொல்லைக் கேட்பது எப்படி? கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் பின்னப்பட்டிருக்கின்றன. மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அந்த மாறுதலைக் கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. பழைய திரைகளைப் போல் குச்சியால் அழுத்த வேண்டியதில்லை, தொட்டால் போதும். இரண்டு விரல்களை வைத்து விரித்தால் படமும் விரிந்தது, குவித்தால் சுருங்கியது. சொல்லிக் கொடுப்பார் இல்லாமலே சிறு பிள்ளைகள்கூட அதைச் செய்தார்கள். ஆனால் குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம்: கையுறை அணிந்த விரலைக் கருவி மதிக்கவில்லை. நகத்தால் தட்டிப் பழகிய பெண்மணிகளும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

நாள்தோறும் உபயோகிக்கையில் மனசுக்கு உவந்தவை பெரிய அதிசயங்கள் அல்ல, சிறிய சௌகரியங்கள்தான். காதருகே கொண்டுபோனால் திரை தானாக அணைந்தது. ஆகையால் கன்னம் பட்டுப் பேச்சு அறுபடவில்லை. மணியோசையை அடக்குவதற்குப் பக்கவாட்டில் ஒரு சிறு விசை இருந்தது. சபை நடுவில் பையில் கையை விட்டே அதைத் தள்ளிவிடலாம். இருவர் மாறி மாறி அனுப்பிய செய்திகள் நேரில் பேசுவது போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. பிறர் பேசிப் பதிவு செய்துவைத்த செய்திகளில் வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கேட்க முடிந்தது.

ஐந்து நாள் பொறுமை

எல்லோரும் அஞ்சியது எழுதும் வேலையைத்தான். திரையில் வரைந்த பொய்யெழுத்துக்களைத் தட்டும்போது விரல் தடம் காணாமல் தவித்தது. ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. கருவியைச் சுமார் 2 வாரம் பரீட்சித்த வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் வால்ட் மாஸ்பெர்க், தொடக்கத்தில் சிரமப்பட்டதாகவும், 5 நாளில் தமது பழைய டெலிபோனில் எழுதிய வேகத்தை எட்டிவிட்டதாகவும் எழுதினார்.

இது கையின் சாமர்த்தியம் மட்டும் அன்று. கருவி உள்ளுக்குள்ளே உதவி செய்துகொண்டிருந்தது. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று அது ஊகித்து, அந்த எழுத்தின் எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் அகலமாக்கிற்று. தப்பாக விழுந்த சொல்லை அகராதியோடு ஒப்பிட்டுத் திருத்திற்று. இதை அமைத்தவர்களுள் ஒருவரான கென் கோஸியெண்டா 2018-ல் வெளியிட்ட நூலில், 2005-ல் தம் கூட்டத்தார் எல்லோரும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இந்த ஒன்றிலேயே முனைந்ததைச் சொல்லியிருக்கிறார். எனினும் தன் போக்கிலேயே சொல்லை மாற்றிவிடும் இந்த அதிகப்பிரசங்கித்தனம் சிலருக்குப் பிடிக்கவில்லை. தாம் எழுதாததையெல்லாம் தம் பெயரால் அனுப்பிவிட்டது என்று அவர்கள் குறைபட்டார்கள்.

குறைகளின் ஜாபிதா

புது மோகம் சற்றுத் தணிந்ததும் ஜாபிதா நீண்டது. வீதியில் இன்டர்நெட் ஆமை வேகத்தில் வந்தது. அப்போதே வழக்கத்துக்கு வந்திருந்த மூன்றாந் தலைமுறை வேகத்துக்கு இதில் வசதி இல்லை. பாட்டுக் கேட்கும் காதுக்குழாயைச் செருகும் துவாரம் மிகவும் உள்ளடங்கி இருந்ததால், வீட்டிலிருந்த நல்ல காதுக்குழாய்கள் அதில் பொருந்தவில்லை. இணைப்புத் துண்டு ஒன்றைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எழுதியதை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் ஒட்டும் வித்தை அதற்குத் தெரியவில்லை. புகைப்படம் எடுக்கும், சலனப்படம் எடுக்காது. படத்தைச் சாதாரணச் செய்தியோடு சேர்த்து அனுப்பவும் இயலாது. வெளியார் இயற்றிய நிரல் எதையும் அதனுள் வைக்க அநுமதி இல்லை.

பாட்டரி விஷயம் வேறு. மற்ற டெலிபோன்களில் மூடியைத் திறந்து நாமே பாட்டரியை மாற்றிக்கொள்ளலாம். இதிலோ திறக்க வழியில்லை. தேய்ந்துபோனால் கம்பெனிக்கு அனுப்பி, 79 டாலரும் தபால் செலவும் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்று தெரிந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். நாம் விலை கொடுத்து வாங்கிய பொருள் நமக்கே பூட்டிய பெட்டியாக இருப்பது நியாயமா என்ற அந்தக் கேள்வி இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

வேடிக்கை ஒன்றும் நடந்தது. கருவி இன்டர்நெட்டைத் தொட்ட ஒவ்வொரு தடவையையும் தனித்தனி வரியாக அச்சிட்டு டெலிபோன் கம்பெனியார் பட்டியல் அனுப்பினார்கள். வாடிக்கைக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டியல் 300 பக்கத்துக்குப் பெட்டியில் வந்து சேர்ந்தது! ஊர் சிரித்த பிறகு கம்பெனியார் சுருக்கப் பட்டியலுக்கு மாறினார்கள்.

68-ஆம் நாள்

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவர்களால் பொறுக்க முடியாத ஒன்று செப்டம்பர் 5-ந் தேதி நிகழ்ந்தது. 599 டாலருக்கு விற்ற கருவியின் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. சிறிய வகை அடியோடு நிறுத்தப்பட்டது. விற்பனை ஆரம்பமாகி 68 நாட்களே ஆகியிருந்தன. பொருளை முன்னின்று வாங்கி, உற்றார் உறவினரிடம் புகழ்ந்து பேசி, இலவசமாக விளம்பரம் செய்தவர்களுக்கு, 200 டாலர் அபராதம் விதித்தது போல் ஆயிற்று. அவர்கள் வருந்தியது பணத்துக்காக மட்டுமல்ல; நம்பி முன்வந்தவன் ஏமாளி என்று உலகம் நகைக்கும்படி ஆயிற்றே என்பதற்காகவுமே.

நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஜாப்ஸுக்கு வந்தன. மறுநாளே அவர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். நாளுக்கு நாள் முன்னேறும் கருவிகளின் விஷயத்தில் விலை இறங்குவதும், இறங்குமுன் சிலர் வாங்கியிருப்பதும் இயல்பே என்று ஒரு பக்கம் வாதித்தார். ஆயினும் முதலில் நம்பியவர்களை நன்றாக நடத்துவது கம்பெனியின் கடமை என்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள பற்றுச் சீட்டு தருவதாக அறிவித்தார். இழப்பு 200, ஈடு 100, அதையும் ஆப்பிள் கடையிலேயே செலவிட வேண்டும்! இருந்தாலும் பெருந்தலைவர் ஒருவர் ஒரே நாளில் இறங்கிவந்து தவற்றை ஏற்றுக்கொண்டது கோபத்தில் பாதியைத் தணித்துவிட்டது. 4 நாள் சென்றதும், செப்டம்பர் 10-ந் தேதி, 10 லட்சமாவது ஐபோன் விற்றுவிட்டதாகக் கம்பெனி தெரிவித்தது.

பின்னால் வந்தவர்களின் லாபம்

முணுமுணுப்பு வீண்போகவில்லை. 2008 ஜூலை 10-ந் தேதி வெளியார் இயற்றிய நிரல்களுக்குக் கதவு திறந்தது. முதல் நாளில் சுமார் 500 நிரல்கள் இருந்தன. மறுநாள் வெளிவந்த இரண்டாவது ஐபோனில் மூன்றாந் தலைமுறை வேகம் வந்தது. காதுக்குழாய்த் துவாரமும் நேராக வெளியே வந்துவிட்டது. ஒட்டும் வித்தை 2009-ல் கிடைத்தது. குறை சொன்னவர்கள் முதல் ஐபோனை வாங்கியவர்கள். அதன் பலனை அநுபவித்தவர்கள் அடுத்தவற்றை வாங்கியவர்கள். நம் தேசத்தில் அந்த இரண்டாவது கருவி 2008 ஆகஸ்டு 22-ந் தேதிதான் விற்பனைக்கு வந்தது. முதலாவது இங்கே கடைக்கு வரவே இல்லை. அதன் தொல்லைகளும் நமக்கு இல்லை. கடல் கடந்து வந்துகொண்டிருந்த இந்தக் கருவியின் புது வகைகளை 2019 முதல் நமது ஸ்ரீபெரும்புதூரிலேயே தமிழ்நாட்டுப் பெண்களின் விரல்கள் பூட்டி முடிக்கத் தொடங்கியது நாம் பெருமையுடன் குறிக்க வேண்டிய செய்தி.

முதல் ஐபோன்களின் கதி என்ன? 61 லட்சம் விற்றன. அமெரிக்காவில் அவற்றை இயக்கிவந்த பழைய அலைவரிசைச் சேவையை ஏடி அண்ட் டி 2016 முடிவோடு நிறுத்திவிட்டதால், அந்தக் கம்பெனியின் சந்தாவில் அவை இனிப் பேசமாட்டா. ஆனால் 2023 ஜூலையில், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த 4 ஜிகாபைட் ஐபோன் ஒன்று ஏலத்தில் 1,90,372 டாலருக்குப் போயிற்று. ஒரு நாளும் பேசாத டெலிபோனுக்கு அவ்வளவு மதிப்பு!

வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்து, மூலை தேய உபயோகித்தவர்களின் கருவிக்கு ஏலக்கடையில் அந்த விலை கிடைக்காது. ஆனால் அவர்கள் தட்டித் தடவிக் குறை கண்டு சொன்னதால்தான், இன்று நம் வீட்டுப் பாட்டி கடல் கடந்த பேரனின் முகத்தை விரல் நுனியில் காண்கிறாள். பூட்டிவைத்தவருக்குப் பணம் கிடைத்தது; பிரித்துப் பார்த்தவர்களால் உலகத்துக்கு ஒரு நல்ல டெலிபோன் கிடைத்தது.