250 கி.மீ.க்கு காசு கொடுத்துட்டு 120-லேயே திரும்பணுமா? சேப்பாக்கம் அரண்மனை முதல் ஆலம்பரைக் கோட்டை வரை ஒரு நாள் கார் டிரிப் கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் 'சண்டே எங்கயாவது போலாமா?' என்று ஒரு மெசேஜ் விழும். மயிலாப்பூரில் ஒருத்தர், தி.நகரில் ரெண்டு பேர், அடையாறில் ஒருத்தர். யாரிடமும் சொந்தக் கார் இல்லை. அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு 'மகாபலிபுரம், வாடகைக் கார்' என்று முடிவாகும். போய், போட்டோ எடுத்து, மீன் சாப்பிட்டுத் திரும்பினால், எதிர்பார்த்ததைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாக பில் வந்து நிற்கும்.

அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது? அதே பணத்தில் இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கலாம்? வண்டியில் ஏறுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பில் எப்படிப் போடுகிறார்கள்?

சென்னையில் டிரைவருடன் வாடகைக் கார் எடுத்தால் பொதுவாக இரண்டு வகையில் கணக்கு வரும்.

முதலாவது, லோக்கல் பேக்கேஜ். '10 மணி நேரம், 100 கி.மீ.' என்பது போல ஒரு தொகை பேசுவார்கள். அதைத் தாண்டினால் மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும்.

இரண்டாவது, அவுட்ஸ்டேஷன். இதில் கிலோமீட்டருக்குத்தான் ரேட். ஆனால், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று ஒரு கண்டிஷன் இருக்கும். சில நிறுவனங்களில் இது 300. நீங்கள் 120 கி.மீ. மட்டும் போனாலும் 250-க்குத்தான் பணம் கட்ட வேண்டும். மேலே டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி.

ஒரு உதாரணம். கணக்குப் புரிவதற்காக மட்டுமே இந்த எண்கள். செடான் வண்டி, கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 500 என்று வைத்துக்கொள்வோம். 250 கி.மீ.க்கு 3,500, பேட்டாவுடன் 4,000 ரூபாய். மயிலாப்பூரில் இருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப சுமார் 120 கி.மீ.தான். அதாவது, ஓடாத 130 கி.மீ.க்கு 1,820 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். அதே பயணத்தை 2,800 ரூபாய் லோக்கல் பேக்கேஜில் பேசியிருந்தால், கூடுதல் 20 கி.மீ.க்கு 280 சேர்த்து 3,080 ரூபாயில் முடிந்திருக்கும்.

ஆக, வழி இரண்டுதான். மாமல்லபுரம் மட்டும் போதும் என்றால் 'லோக்கல் பேக்கேஜில் வருமா?' என்று முதலிலேயே கேளுங்கள். சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். சில, நகர எல்லை தாண்டினாலே அவுட்ஸ்டேஷன் என்று சொல்லும். அவுட்ஸ்டேஷன்தான் என்றால், அந்த 250 கி.மீ.யை முழுசாகப் பயன்படுத்துங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இசிஆர்) மாமல்லபுரத்தைத் தாண்டி இன்னும் சுமார் 50 கி.மீ. போனால், பலரும் தவறவிடும் ஒரு கோட்டை கடலோரத்தில் நிற்கிறது. கிலோமீட்டர் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

இன்னொரு விஷயம்: மீட்டர் எங்கே ஆரம்பிக்கிறது? பல நிறுவனங்களில் 'ஷெட் டு ஷெட்' கணக்கு. வண்டி அம்பத்தூர் ஷெட்டில் இருந்து தி.நகர் வருகிற தூரமும், திரும்பப் போகிற தூரமும் உங்கள் தலையில்தான். புக் பண்ணும்போதே 'பிக்கப் பாயின்ட்டில் இருந்து கணக்கா, ஷெட்டில் இருந்தா?' என்று கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கிக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு முன்னாலும் இரவு 10 மணிக்குப் பின்னாலும் ஓட்டினால் கூடுதல் பேட்டா கேட்பவர்களும் உண்டு. ஜிஎஸ்டி சேர்ந்த தொகையா என்பதையும் விட்டுவிட வேண்டாம்.

போர்டு கலரைப் பாருங்க

'தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், கம்மியா வருவான்' என்று யாராவது ஒருவர் நம்பர் அனுப்புவார். ஞாயிறு காலை வந்து நிற்பது ஒயிட் போர்டு கார். இங்கேதான் கவனம் தேவை.

வெள்ளை நிற நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்ட பர்மிட் உள்ள வண்டி. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். எலெக்ட்ரிக் வண்டிகளுக்குப் பச்சை பிளேட். அதில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி.

பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இது ஓட்டுபவர், உரிமையாளர் பிரச்சினைதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சொந்த உபயோக காருக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியில், 'வாடகைக்கு ஓட்டினால் செல்லாது' என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நடந்தால், இழப்பீடு தர மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது ஒரு காரணம். பின் சீட்டில் அடிபட்டவர் கோர்ட் படியேற வேண்டி வரலாம். மிச்சமான ஐந்நூறு ரூபாய்க்கு அது ரொம்பப் பெரிய விலை.

செக் பண்ண இரண்டு நிமிடம் போதும். மத்திய அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால், எந்த வகை வண்டி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். புதுச்சேரி வரை போகும் எண்ணம் இருந்தால், மாநில எல்லை தாண்ட பர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

டிரைவர் நேத்து தூங்கினாரா?

யாரும் கேட்காத கேள்வி இது. முந்தைய நாள் ராத்திரி ஏர்போர்ட் டிரிப் முடித்து, மூன்று மணி நேரம் வண்டியிலேயே படுத்துவிட்டு, காலை உங்கள் வாசலில் வந்து நிற்கும் டிரைவர்கள் உண்டு. பளிச்சென்று நேராகப் போகும் இசிஆரில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுவதற்கு ஒரு நொடி போதும்.

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், இடைவேளைகளையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்றும் வரையறுத்தது. 5 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்பதும் அதில் உண்டு. சங்கம், ஷிப்ட் எதுவும் இல்லாத தனி டிரைவருக்கு அந்த 12 மணி நேரத்தை உறுதி செய்வது உங்கள் பிளான்தான். 'அண்ணா, நேத்து நைட் டிரிப் இருந்துச்சா?' என்று வண்டியில் ஏறும்போது கேட்பதில் தப்பே இல்லை. தூக்கம் இல்லை என்றால் புக் பண்ணிய நிறுவனத்திடம் வேறு டிரைவர் கேளுங்கள். மதியம் அவர் சாப்பிடவும் கொஞ்சம் கண்ணயரவும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சரி, எங்கெல்லாம் போகலாம்?

காலை 6 முதல் மாலை 6 வரை, சுமார் 230 கி.மீ.யில் முடியும் ஒரு பிளான் இது. தூரமான இடத்தை வெயிலுக்கு முன் பார்த்துவிட்டு, ஊரை நோக்கித் திரும்பிக்கொண்டே மற்றதைப் பார்ப்பதுதான் சூத்திரம். ஞாயிறு சாயங்காலம் நீலாங்கரை, திருவான்மியூர் பக்கம் வண்டிகள் ஊர ஆரம்பிப்பதற்குள் வீட்டுக்கும் வந்துவிடலாம்.

6.20, சேப்பாக்கம். அரண்மனை பார்க்க ராஜஸ்தான் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே ஒன்று இருக்கிறது. வாலாஜா சாலையில், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேப்பாக்கம் அரண்மனை, ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் எழுந்தது. அந்தச் சாலைக்கே அவர் பெயர்தான். 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டத்தை ஒழித்த ஆங்கிலேயர்கள், கடனைக் காரணம் காட்டி அரண்மனையை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1859-ல் வாங்கியது யார் தெரியுமா? மதராஸ் அரசாங்கமேதான். அன்று முதல் அது அரசு அலுவலகம். 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதியான கலச மகால் தீயில் எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அதைப் புதுப்பித்தார்கள். உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது. விடியற்காலையில் ரோட்டில் இருந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

நவாப் வாரிசுகள் இப்போது எங்கே? பட்டம் போனாலும் 1867-ல் 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. ராயப்பேட்டை அமீர் மகாலில் 1876 முதல் வசிக்கிறார்கள். அது குடும்பத்தின் வீடு என்பதால் டூரிஸ்ட் லிஸ்டில் போட வேண்டாம்.

9.15, ஆலம்பரை. மெரினா, சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் வழியாக இசிஆர் பிடித்து, வழியில் டிபன் முடித்தால் கடப்பாக்கம் பக்கம் இருக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கு இந்த நேரத்துக்கு வந்துவிடலாம். ஒரு பக்கம் உப்பங்கழி, அதைத் தாண்டிக் கடல், நடுவே உடைந்த செங்கல் மதில்கள். 1730-களின் கடைசியில், ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் இதைக் கட்டினார்கள். கப்பல் வந்து போன துறைமுகம், நாணயம் அடித்த அக்கசாலை எல்லாம் இங்கே இருந்தன. ஹைதராபாத் பதவிச் சண்டையில் தனக்குத் துணை நின்றதற்காக, 1750-ல் முசாபர் ஜங் இந்தக் கோட்டையை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே வருடத்தில், 1760-ல், ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள்.

இப்போது காலையில் பார்த்த அரண்மனையை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கோட்டை இடிந்து எட்டு வருடத்தில், ஆங்கிலேயர் துணையோடு ஆண்ட நவாப்புக்குச் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுகிறது. அவர்கள் துணையால் வந்தது, கடைசியில் அவர்கள் கைக்கே போனது. பாடப்புத்தகத்தில் 'கர்நாடகப் போர்கள்' என்று மார்க்குக்காகப் படித்தது, ஒரே காலையில் இரண்டு கட்டடங்களாகக் கண் முன் நிற்கும்.

இங்கே நிழல் குறைவு. தண்ணீர், தொப்பி அவசியம். உடைந்த மதில் மேல் ஏறி ரீல்ஸ் எடுக்க வேண்டாம். செங்கல் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

11.15, சதுரங்கப்பட்டினம். திரும்பும் வழியில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில். டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டில் வந்து மஸ்லின் துணி வியாபாரம் செய்த ஊர் இது. கோட்டைக்குள் நுழைந்ததும் டச்சுக் கல்லறைகள். கல்லில் செதுக்கிய எழுத்துகளும் சின்னங்களும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. 1782 பிப்ரவரியில் இதே கடலில்தான் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் மோதின. முக்கால் மணி நேரம் போதும்.

12.15, மாமல்லபுரம். முதலில் சாப்பாடு; டிரைவருக்கும் ஓய்வு. பிறகு கடற்கரைக் கோயில், ஐந்து ரதம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு 40 ரூபாய்; 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். கடலில் இறங்கிக் குளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கரையில் அமைதியாகத் தெரியும் இடத்திலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். 4 மணிக்குக் கிளம்பினால், 6 மணிக்கு மயிலாப்பூரில் ஃபில்டர் காபி.

தட்சிணசித்ராவையும் சேர்க்கலாமா? அதற்கு மட்டுமே அரை நாள் வேண்டும். கேரளா, செட்டிநாடு என்று தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவசரமாகப் பார்த்தால் வீண். அதை லோக்கல் பேக்கேஜில் தனியாகப் போங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை

1. குறைந்தபட்ச கிலோமீட்டர் எவ்வளவு? கணக்கு ஷெட்டில் இருந்தா, வீட்டில் இருந்தா?
2. பேட்டா எவ்வளவு, எந்த நேரத்துக்கு மேல் கூடும்?
3. டோல், பார்க்கிங், ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா?
4. மஞ்சள் எழுத்தோ மஞ்சள் பிளேட்டோ இருக்கும் வாடகை வண்டிதானா? நம்பர் முதல் நாளே கிடைக்குமா?
5. டிரைவருக்கு முந்தைய இரவு டிரிப் இருக்கிறதா?

கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் சண்டை வந்தால் அந்த இரண்டு போட்டோ பேசும். நான்கு பேர் பகிர்ந்தால் மேலே சொன்ன உதாரணக் கணக்கில் தலைக்கு ஆயிரம் ரூபாய், டோல், சாப்பாடு தனி. மாமல்லபுரத்தோடு திரும்பினாலும் அதே ஆயிரம்தான்.