கால் சுற்றுத் திருகில் ஓர் இயற்பியல் பாடம்

மாணவர்களே, பழைய மின்கித்தார் ஒன்றில் ஓசை குறைவாகக் கேட்கிறது. என்ன செய்வீர்கள்? "காந்தத்தைத் தந்திக்கு அருகில் கொண்டுபோனால் ஓசை கூடும்" என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. மறு பாதியை அறியாமல் திருகைத் திருகினால் சுருதி கெடும். கை தவறினால், பல பத்தாண்டுகள் பாடிய கருவி ஊமையாகவும் ஆகலாம்.

மடியில் கிடக்கும் கித்தார்

நாம் பேசப்போவது 'லேப் ஸ்டீல்' கித்தார். ஹவாய்த் தீவுகளின் இசையில் வளர்ந்த இதை மடியில் கிடத்தி வாசிப்பார்கள். விரலால் தந்தியை அழுத்தாமல், எஃகுத் துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் வழுக்கிச் சுரம் எழுப்புவார்கள். கோட்டுவாத்தியக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

விற்பனைக்கு வந்த தொடக்ககால மின்கித்தார்களில் புகழ்பெற்ற ஒன்றும் இந்த வகைதான். ஜார்ஜ் பீச்சம் 1931இல் வடிவமைத்த அந்தக் கருவி, 1932இல் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அதற்குப் 'பொரிக்கும் சட்டி' என்று பட்டப்பெயர்!

பிக்கப் என்ன செய்கிறது?

தந்திகளுக்கு அடியில் இருக்கும் 'பிக்கப்', ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்தது. காந்தம் எஃகுத் தந்தியையும் சிறிது காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளைக் கடக்கும் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி வலுவாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இடைவெளி குறைந்தால் மின்னழுத்தம் கூடும். இடைவெளி அதிகமானால் தந்தியின் ஓசை குறையும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையாது. அதனால் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் எடுப்பாகக் கேட்கும்.

மிக அருகில் போனால்?

காந்தம் தந்தியைக் 'கேட்பது' மட்டுமில்லை, இழுக்கவும் செய்கிறது. தந்தி மேலும் கீழும் அதிரும், பக்கவாட்டிலும் அதிரும். காந்தத்தின் இழுப்பு மேல்-கீழ் அதிர்வைச் சற்று மெதுவாக்குகிறது. பக்கவாட்டில் 110 ஹெர்ட்ஸ், மேல்-கீழில் 108 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் ஓசை விநாடிக்கு 2 முறை ஏறி இறங்கும். இதுவே 'விம்மல்'. ஒரே தந்தி இரண்டு சுருதியில் பாடுவதுபோல் இருக்கும். நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். தந்தி பழுது என்று நினைத்துப் புதிது மாற்றினாலும் இது தீராது.

எப்படிச் சரிசெய்வது?

1. பெருக்கியின் ஒலியளவைக் குறைத்துவிடுங்கள்.

2. இடைவெளியை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 3 மில்லிமீட்டரில் தொடங்கலாம்.

3. பிக்கப்பின் இரு ஓரத் திருகுகளையும் ஒரு முறைக்குக் கால் சுற்று மட்டும் திருகுங்கள். பிறகு தந்தியை மீட்டிக் கேளுங்கள்.

4. தடித்த தந்திகள் இருக்கும் பக்கம் சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். அவற்றில் எஃகு அதிகம், இழுப்பும் அதிகம்.

5. திருகு இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சில பழைய கருவிகளில் உயரத்தை மாற்றும் திருகே இருக்காது.

எச்சரிக்கை: காந்தம் திருப்புளியையும் இழுக்கும். அது வழுக்கிச் சுருளில் பட்டால், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி அறுந்துவிடும். பிறகு ஓசையே வராது.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி இசை அறையில் மின்கித்தார் இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு 5, 4, 3, 2 மில்லிமீட்டர் இடைவெளிகளில் சோதியுங்கள். இடைவெளி தற்சார்பு மாறி; ஓசையின் அளவு சார்பு மாறி. பெருக்கியின் ஒலியளவு, மீட்டும் இடம், மீட்டும் வலு ஆகியவை மாறக்கூடாது. விம்மல் எந்த இடைவெளியில் தொடங்குகிறது என்பதையும் குறியுங்கள். விம்மலும் இல்லாமல், இரைச்சலும் எடுப்பாகத் தெரியாமல் இருக்கும் இடமே அந்தக் கருவிக்கு ஏற்ற உயரம். அதை அளவுகோல் மட்டும் சொல்லிவிடாது; உங்கள் காதும் சேர்ந்துதான் சொல்லவேண்டும்.

சிந்திக்க: இதே கித்தாரில் நைலான் தந்திகளைப் பூட்டினால், ஒலிபெருக்கியில் ஓசை கேட்குமா? ஏன்?